ஸ்டெல்லா டீச்சரின் வலது தோள்

காலை எட்டு மணிக்கு எங்கள் கல்லூரித் தோழிகளின் வாட்ஸ்அப் குழுவில் ஒரு மெழுகுவர்த்திப் படம் வந்தது. கீழே ஸ்டெல்லாவின் பெயர். அந்தக் குழுவில் வரும் செய்திகளை நான் சட்டென்று நம்புவதில்லை. உயிரோடு இருக்கும் எங்கள் பேராசிரியர் ஒருவருக்கு ஒருமுறை அஞ்சலி செலுத்தி, அவரே வந்து நன்றி சொன்ன குழு அது. அதனால் ஸ்டெல்லாவின் எண்ணுக்கே அழைத்தேன். அவள் எடுத்து "என்னடி காலங்காத்தால?" என்று கேட்டிருந்தால், படத்தை அனுப்பியவளை இரண்டு பேரும் சேர்ந்து திட்டித் தீர்த்திருப்போம். எடுத்தது அவள் மகள் ஜெனி. "அத்தை" என்று மட்டும் சொன்னாள். பிறகு யாரோ போனை வாங்கிக்கொண்டு, ஆறு மணிப் பூசைக்குக் கிளம்பியவள் செருப்பை மாட்டும்போது நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாள், ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியிலேயே முடிந்துவிட்டது என்றார்கள். நான் "சரி" என்றேன்.

இந்த நினைவு மலரை வாசிக்கிற பெரும்பாலோர் அவளோடு வேலை பார்த்தவர்கள், அல்லது அவளிடம் படித்தவர்கள். உங்களுக்கு அவர் ஸ்டெல்லா டீச்சர். எனக்கு அவர் 'அவள்'தான், வேறு மரியாதை வராது. மன்னிக்க வேண்டும். அவளைப் பற்றி உங்களுக்குத் தெரிந்ததில் ஒன்றைத் திருத்த வேண்டிய பொறுப்பு எனக்கு இருக்கிறது. அதற்காகத்தான் எழுதச் சம்மதித்தேன்.

அவள் கரும்பலகையின் கீழ்ப்பாதியில் மட்டுமே எழுதுவாள். மேல்பாதி வருடம் முழுக்கக் கறுப்பாகவே இருக்கும். முன் பெஞ்சில் உட்காரும் சின்னப் பிள்ளைகளுக்காக அப்படி எழுதுகிறார் என்று உங்களில் சிலர் நினைத்திருந்ததாகக் கேள்விப்பட்டேன். அப்படியில்லை. அவளுடைய வலது கை தோளுக்கு மேலே போகாது. ஏன் என்று கேட்டவர்களிடம், "படிக்கிறப்ப ஜப்பான் போயிருந்தேன், கால் வழுக்கி விழுந்துட்டேன்" என்பாள். அந்த வாக்கியத்தில் ஜப்பானுக்குப் போனது மட்டும் உண்மை. அவள் வழுக்கவும் இல்லை, விழவும் இல்லை. தோள் எலும்பு உடைந்தபோது அவள் நின்றுகொண்டிருந்தாள். என்னால்தான் நின்றாள்.

நாங்கள் இருவரும் தாவரவியல் முதுகலை. அவள் சாணார்பட்டிப் பக்கத்து ஊர்க்காரி, அப்பா மாதா கோயிலில் உபதேசியார். நான் ரெட்டியார்சத்திரம் பக்கம், மல்லிகைத் தோட்டத்து வீடு. விடுதியில் ஒரே அறை. மாணவர் பரிமாற்றத்தில் ஆறு வாரம் ஜப்பான் போக எங்கள் பல்கலைக்கழகத்தில் இரண்டு பேரைத் தேர்ந்தெடுத்தபோது, அந்த இரண்டு பேரும் ஒரே அறையிலிருந்து போனது தற்செயல்தான். அது நடந்து இருபத்தாறு ஆண்டுகள் ஆகின்றன.

நான் பயந்த சுபாவம். இன்றும் அப்படித்தான். கடவுச்சீட்டை எங்கே வைத்தேன், பயணச்சீட்டு இருக்கிறதா, திரும்பி வர முடியாமல் போய்விட்டால் என்ன செய்வது என்று சென்னை விமான நிலையம் வந்து சேர்வதற்குள் பத்துத் தடவை பையைத் திறந்து பார்த்தேன். ஸ்டெல்லா ஜன்னல் ஓரம் உட்கார்ந்து வேர்க்கடலை தின்றுகொண்டிருந்தாள். "ஒனக்குப் பயமே இல்லையாடி?" என்று எரிச்சலோடு கேட்டேன். "பயப்படுறதுக்குத்தான் நீ இருக்கேல்ல. ரெண்டு பேரும் அதையே பாத்தா மத்த வேலைய யாரு பாக்குறது?" என்றாள். பிற்காலத்தில் எங்கள் இரண்டு குடும்பங்களிலும் இதைச் சொல்லிச் சிரிப்பார்கள். நானும் சிரிப்பேன். ஆனால் அது சிரிப்புக்காகச் சொன்னது அல்ல என்று எனக்குத் தெரியும். உண்மையிலேயே எங்களுக்குள் வேலை அப்படித்தான் பிரிந்திருந்தது.

போய்ச் சேர்ந்தது ஒரு சிறிய ஊர். சுற்றிலும் நெல் வயல், அறுவடைக் காலம். பகலில் ஆராய்ச்சிப் பண்ணையில் வேலை. தங்கியது ஒரு தோஃபு கடைக்காரர் வீட்டில். சோயாப் பயற்றை ஊறவைத்து அரைத்து, பாலெடுத்து, கட்டியாக்கி விற்பார்கள். அவருக்கும் அவர் மனைவிக்கும் அறுபது வயது இருக்கலாம். எங்களுக்கு அவர்கள் மொழி தெரியாது, அவர்களுக்கு எங்கள் மொழி தெரியாது. ஆங்கிலம் கொஞ்சம் தெரிந்த யூமி என்ற கல்லூரிப் பெண் தினமும் வந்து இரண்டு பக்கமும் சொல்லிக் கொடுப்பாள். சாப்பாட்டின்போது ஸ்டெல்லா காரமில்லாத தொடுகறிக் கிண்ணத்தைப் பார்த்து, "சோறு நல்லாத்தான் இருக்கு. வெஞ்சனந்தான் பேச மாட்டேங்குது" என்பாள். கடைக்கார அம்மாவுக்கு எதுவும் புரியாது. ஆனாலும் ஸ்டெல்லா சிரித்தால் அவரும் சிரிப்பார். எனக்குத்தான், இவள் சொன்னது அவருக்குப் புரிந்திருந்தால் என்ன ஆவது என்று இருக்கும்.

அந்தத் தெருக்காரர்கள் ஆண்டுக்கு ஒருமுறை தங்கள் தெய்வத்தைத் தூக்கிக்கொண்டு ஊரைச் சுற்றி வருவார்களாம். அதற்கு மிகோஷி என்று பெயர். கறுப்பும் பொன்னுமாக ஒரு சின்னக் கோயில், அடியில் நீளமான உத்திரங்கள், ஆட்கள் தோளில் தூக்குகிறார்கள். பார்த்தவுடனே ஸ்டெல்லா சொன்னாள்: "சப்பரம்டி!" எனக்கும் அதுதான் தோன்றியது. அவள் ஊரில் மாதா சப்பரம், என் ஊரில் அம்மன் சப்பரம். இரண்டிலும் ஒரே ஒழுங்கு. தூக்குகிறவர்கள் பூ உதிராமல், மெழுகுவர்த்தியோ விளக்கோ அணையாமல், அலுங்காமல் நடக்க வேண்டும். ஒரு பக்கம் லேசாகச் சாய்ந்தாலே பெண்கள் வாயில் கை வைப்பார்கள். அந்த வருடம் ஊரில் யார் இறந்தாலும் அந்தச் சாய்வைத்தான் சொல்வார்கள். தெய்வ நம்பிக்கை எனக்குப் பெரிதாக இருந்ததில்லை. சாய்ந்தால் சாவு என்பதை அன்றும் நம்பவில்லை, இன்றும் நம்பவில்லை. ஆனால் சாய்வதைப் பார்த்தால் என் கையும் தானாக வாய்க்குப் போகும். அதற்கு நம்பிக்கை தேவைப்படவில்லை.

தோஃபு கடைக்காரர் எங்களையும் தூக்கக் கூப்பிட்டார். யூமி திரும்பத் திரும்பக் கேட்டு உறுதி செய்தாள். ஆமாம், பெண்களும் தூக்கலாம், விருந்தாளிகளும் தூக்கலாம். நான் முடியாது என்று சொல்ல வாயெடுப்பதற்குள் ஸ்டெல்லா எழுந்து நின்றுவிட்டாள்.

"வேற சாமிடி. ஒங்கப்பாவுக்குத் தெரிஞ்சா?" என்றேன்.

"மாதா ஒண்ணும் கோவிச்சுக்க மாட்டா. எங்க ஊர்ல எங்கண்ணன் தூக்குறான், எந்தம்பி தூக்குறான், மூக்கு ஒழுகுற பயலெல்லாம் தூக்குறான். எனக்கு மெழுகுவத்தியக் குடுத்துப் பின்னாடி வான்றாய்ங்க. இங்க கூப்புட்டுல்ல குடுக்குறாக. வர்றியா, இல்ல பாஸ்போட்டுக்குக் காவல் இருக்கியா?"

போனேன். அறையில் கடவுச்சீட்டுகளைத் தலையணைக்கு அடியில் வைத்தது போதுமா, கதவுக்குத் தாழ்ப்பாள்கூட இல்லையே என்ற கவலையும் என்னோடு வந்தது. அந்த ஊரில் யாருமே வீட்டைப் பூட்டுவதில்லை. திண்டுக்கல்காரிக்கு அது எப்படிப் பொறுக்கும்?

எல்லோருக்கும் நீலச் சட்டை, ஆளுக்கொரு பருத்தித் துண்டு. துண்டை மடித்து, தோளுக்கும் உத்திரத்துக்கும் நடுவில் வைத்துக்கொள்ள வேண்டும். அங்கேதான் என் குள்ளம் தெரிந்தது. மற்றவர்களுக்குத் தோளில் உட்கார்ந்த உத்திரம் எனக்குக் காதுக்கு மேலே நின்றது. துண்டை நான்காக மடித்து வைத்தும் எட்டவில்லை. நான் கையை மட்டும் உயர்த்தி, தூக்குகிறவள் போல நின்றேன். எனக்கு அது சௌகரியமாகவே இருந்தது. ஸ்டெல்லா திரும்பிப் பார்த்தாள். அவள் எனக்கு நேர் முன்னால். உயரமானவள், ஆகவே அவள் தோளில் கூடுதல் கனம். "ஏமாத்துக்காரி" என்று சொல்லிக்கொண்டே தன் தோளில் இருந்த துண்டை உருவினாள். மடித்து என் துண்டின்மேல் வைத்தாள். "இந்தா, இப்பத் தெரியுதா கனம்?" தெரிந்தது. முதல்முறையாக உத்திரம் என் தோளில் இறங்கியது. அவள் தோளில் சட்டைத் துணிக்கு மேல் ஒன்றும் இல்லை.

புறப்படும் முன் யூமி என்னிடம் வந்தாள். எங்கள் இருவரில் எனக்கு ஆங்கிலம் கொஞ்சம் நன்றாக வரும். அதனால் எதையும் என்னிடம்தான் சொல்வாள், நான் ஸ்டெல்லாவிடம் சொல்வேன். அன்று அவள் மெதுவாக, சொல் சொல்லாக, கையால் செய்தும் காட்டினாள். கோயில் வாசலுக்கு வந்ததும் மூன்று முறை வேண்டுமென்றே இடமும் வலமும் சாய்த்து ஆட்டுவோம், சாமிக்கு அது சந்தோஷம், பயப்படாதீர்கள், எல்லோரோடும் சேர்ந்து நீங்களும் அசையுங்கள், உங்கள் தோழியிடமும் சொல்லிவிடுங்கள். நான் தலையாட்டினேன். அவள் கையைப் பார்த்தேன், உதட்டைப் பார்த்தேன். மனம் தலையணைக்கு அடியில் இருந்தது. அவள் நகர்ந்ததும் மேளம் ஆரம்பித்துவிட்டது. நான் ஸ்டெல்லாவிடம் சொல்லவில்லை.

அரை மணி நேரம் ஊருக்குள்ளும் வயல் ஓரத்திலுமாகப் போனோம். எல்லோரும் ஒரே தாளத்தில் கத்தினார்கள். ஸ்டெல்லா நாலாவது வீடு தாண்டுவதற்குள் அந்தச் சத்தத்தைப் பிடித்துக்கொண்டாள். வீடுகளிலிருந்து வெளியே வந்தவர்கள் இந்த உயரமான கறுப்புப் பெண்ணைப் பார்த்துக் கை தட்டினார்கள். அவள் கழுத்து நரம்பு புடைத்திருந்தது, முகம் வியர்த்து மின்னியது. அவ்வளவு சந்தோஷமாக அவளை நான் வேறு எப்போதும் பார்த்ததில்லை, அவள் கல்யாணத்தன்றுகூட.

கோயில் வாசல் வந்தது. யாரோ விசில் ஊதினார்கள். சப்பரம் இடது பக்கம் சரிந்தது.

நான் கத்தினேன். "சாயுதுடி! புடி! ஸ்டெல்லா, புடி!" கத்திக்கொண்டே உத்திரத்துக்கு அடியிலிருந்து விலகி வெளியே வந்துவிட்டேன்.

அங்கே நாற்பது பேர் இருந்திருப்பார்கள். அத்தனை பேரும் ஒரே உடம்பாகச் சாய்ந்து எழுந்தார்கள். ஒருத்தி மட்டும் காலை ஊன்றி, இரண்டு கையாலும் உத்திரத்தைப் பிடித்துக்கொண்டு, அசையாமல் நின்றாள். நம் ஊரில் சப்பரம் சாய்ந்தால் எப்படி நிற்பார்களோ அப்படி. எங்கள் பக்கம் எழும்பிப்போன உத்திரம் திரும்பி இறங்கியபோது மற்றவர்களின் தோள்கள் அதோடு சேர்ந்து இறங்கின. அவள் தோள் இறங்கவில்லை. மொத்தக் கனமும் ஒரு நொடி அந்த ஒரே இடத்தில் வந்து உட்கார்ந்தது. அந்த மேளத்திலும் அந்தச் சத்தம் எனக்குக் கேட்டது. கேட்டிருக்க முடியாது என்று அறிவு சொல்கிறது. கேட்டது.

ஆஸ்பத்திரியில் தெருக்காரர்கள் வரிசையாக வந்து குனிந்து நின்றார்கள். தோஃபு கடைக்காரர் அழுதார். உயரமான பெண்ணை அந்த இடத்தில் நிறுத்தியது தன் தவறு என்றார். யூமி என்னைப் பார்த்தாள். நீ சொன்னாயா இல்லையா என்று அவள் கேட்கவில்லை, பார்க்க மட்டும் செய்தாள். நான் தரையைப் பார்த்தேன். என்ன நடந்தது என்று ஸ்டெல்லாவிடம் கேட்கச் சொன்னார்கள். கேட்டு மொழிபெயர்க்க வேண்டியவளும் நான்தான். அவள் வலியில் பல்லைக் கடித்துக்கொண்டு என்னைப் பார்த்தாள். "கால் வழுக்கிருச்சுன்னு சொல்லு" என்றாள். சொன்னேன். என் வாழ்வில் நான் செய்த மிகச் சுலபமான மொழிபெயர்ப்பு அது.

திரும்பி வரப் பதினோரு நாள் இருந்தது. அந்தப் பதினோரு நாளும் நான் ஒழுங்காகத் தூங்கவில்லை. அவள் வீட்டுக்கு என்ன சொல்வது, பல்கலைக்கழகம் என்ன கேட்கும், யூமி யாரிடமாவது சொல்லிவிடுவாளோ என்றெல்லாம் கவலை. என் பயம் எல்லாம் என்னைப் பற்றித்தான் இருந்தது என்பதை இப்போது எழுதும்போதுதான் பார்க்கிறேன். யூமி சொல்லவில்லை. ஊர் திரும்பியதும் ஸ்டெல்லா கட்டைச் சீக்கிரமே அவிழ்த்துவிட்டாள், பரீட்சை நெருங்கியிருந்தது. எலும்பு கோணலாகச் சேர்ந்தது.

ஒரே ஒரு முறை அவளிடம் பேச முயன்றேன். பல வருடம் கழித்து, திண்டுக்கல் பஸ் ஸ்டாண்டில். அவள் பள்ளிக்குப் போகச் சாணார்பட்டி பஸ்ஸுக்குக் காத்திருந்தாள். பையை இடது தோளுக்கு மாற்றினாள். அதைப் பார்த்துவிட்டு, "அன்னைக்கி நான் மட்டும் கத்தலேன்னா..." என்று ஆரம்பித்தேன்.

"அங்க அம்புட்டுப் பேருல நீ கத்துனது எனக்கு மட்டுந்தானடி வெளங்குச்சு. வெளங்குனவ புடிக்காம வேற யாரு புடிப்பா?" என்றாள். "அந்தா பஸ்ஸு வந்துருச்சு. செத்த நேரம் முன்னாடி வந்துருக்கக் கூடாது, ஒக்கார எடம் கெடச்சிருக்கும்." ஓடி ஏறிவிட்டாள்.

ஆக, கத்தியது அவளுக்குத் தெரியும். யூமி சொல்லச் சொன்னதும் நான் சொல்லாமல் விட்டதும் தெரியாது. அதைச் சொல்ல இன்னொரு பஸ் ஸ்டாண்ட் வரும் என்று இருந்துவிட்டேன்.

முப்பதாம் நாள் பூசை முடிந்து அவள் வீட்டில் சாப்பிட உட்கார்ந்தோம். அவள் கணவர் சேவியர் அண்ணன் இருசக்கர வாகன உதிரிபாகக் கடை வைத்திருக்கிறார். அதிகம் பேசாத மனிதர், அன்று பேசினார். ஜெனிக்கு ஜப்பானில் மேற்படிப்புக்கு இடம் கிடைத்திருந்தது. ஸ்டெல்லா இருக்கும்போதே விண்ணப்பித்தது. பதினைந்து நாளுக்குள் பதில் சொல்ல வேண்டும். அப்பா வேண்டாம் என்கிறார், நீங்கள் போய் வந்தவர், நீங்கள் சொல்லுங்கள் அத்தை என்று ஜெனி என் பக்கம் திரும்பினாள்.

"தங்கச்சி என்ன சொல்லப் போகுது?" என்றார் அண்ணன். "விருந்தாளின்னு கூப்புட்டாய்ங்க. வந்த பிள்ள தோள்ல பாரத்த ஏத்தி ஒடச்சுப் போட்டு, போயிட்டு வான்னு அனுப்பிட்டாய்ங்க. கால் வழுக்குச்சாம். வழுக்குற எடத்துல ஒரு பொம்பளப் பிள்ளைய நிறுத்துவாய்ங்களா? மனுசன மதிக்காத ஊரு. அங்க எம்பிள்ளையவும் அனுப்பணுமா?"

"அப்பா, அது ஒரு திருவிழாப்பா. இது யுனிவர்சிட்டி."

"எல்லாம் அந்த ஊருதான."

நான் பேசாமல் இருந்தால் எதுவும் மாறாது. இவர்கள் வீட்டில் என் இடம் அப்படியே இருக்கும், ஜெனி இங்கேயே ஏதோ ஒரு வேலைக்குப் போவாள். பேசினால் இந்த வீட்டுக்கு நான் மறுபடி வர முடியுமா என்று தெரியாது. ஸ்டெல்லா இல்லாத இந்த ஒரு மாதத்தில் ஜெனி ஒவ்வொரு தடவை போன் செய்யும்போதும் ஜப்பானில் நடந்ததைத்தான் கேட்கப் போகிறாள் என்று பயந்துகொண்டே எடுத்திருக்கிறேன். இப்போது அவர்களே அங்கே கொண்டு வந்து நிறுத்திவிட்டார்கள்.

சொன்னேன். யூமி சொன்னது, நான் சொல்லாதது, துண்டு, சாய்ந்தது, கத்தியது, விலகி ஓடியது எல்லாவற்றையும் சொன்னேன். அவர்கள் மேல் ஒரு தவறும் இல்லை அண்ணே என்றேன். எச்சில் கை காய்ந்துபோயிற்று.

சேவியர் அண்ணன் தட்டைத் தள்ளி வைத்தார். பிறகு, "அவளுக்குத் தெரியுமா?" என்றார்.

"கத்துனது தெரியும்ண்ணே. சொல்லச் சொன்னது தெரியாது."

"எங்கிட்ட ஒருநாளும் ஒம்பேரச் சொன்னதில்லையே." அதுவரை நீங்க என்று கூப்பிட்டவர், முதல்முறையாக என்னை ஒருமையில் பேசினார். கோபமா உரிமையா என்று தெரியவில்லை. "இம்புட்டு வருசம் இந்த வீட்டுல வந்து சாப்புட்டுப் போயிருக்க. ஏம்மா சொல்லல?"

"பயம்ண்ணே."

"இருபத்தாறு வருசத்துக்கா?"

ஜெனி தண்ணீர்ச் செம்பை என் பக்கம் நகர்த்தி வைத்தாள். அவள் என்ன நினைத்தாள் என்று எனக்கு இன்றும் தெரியாது.

அவர் எழுந்து போய்க் கை கழுவிவிட்டு வந்தார். துண்டில் கையைத் துடைத்துக்கொண்டே கேட்டார்: "கையத் தூக்க முடியாம அங்க எப்படி இருந்தா? அவளுக்கு நீளமான முடியாச்சே. யாரு சீவி விட்டா? நீயா?"

நான் இல்லை. அதையும் சொல்ல வேண்டியிருந்தது. அவள் தோள் பக்கம் நான் போகவே இல்லை. தோஃபு கடைக்கார அம்மாதான் தினமும் காலையில் கடை வேலையைப் பாதியில் விட்டுவிட்டு, கையைத் துடைத்துக்கொண்டு மேலே வருவார். ஸ்டெல்லாவைத் தரையில் உட்காரவைத்து, தான் பின்னால் முட்டி போட்டு உட்கார்ந்து சீவுவார். முதல் நாள் அவருக்குச் சடை பின்னத் தெரியவில்லை. ஸ்டெல்லா தன் பாவாடை நாடா மூன்றை எடுத்து, இடது கையாலும் பல்லாலும் பின்னிக் காட்டினாள். மூன்றாம் நாள் அவர் நம் ஊர்ச் சடையை நம் ஊர்ப் பெண்களைவிட இறுக்கமாகப் பின்னினார். "வலிக்குதும்மா, மெதுவா" என்று ஸ்டெல்லா தமிழில் சொல்வாள். அவர் அவர் மொழியில் ஏதோ பதில் சொல்வார். யூமி இல்லாத நேரத்தில் அந்த இரண்டு பேரும் பேசிக்கொண்டே இருப்பார்கள்.

"எத்தன நாளு?"

"பதினோரு நாளும்ண்ணே. கெளம்புற அன்னைக்கிக்கூடப் பின்னித்தான் அனுப்புனாங்க. ஊரு வந்து சேர்ற வரைக்கும் அவுக்கலை."

சேவியர் அண்ணன் சுவரில் இருந்த படத்தைப் பார்த்தார். மாலைக்குள் ஸ்டெல்லா ஒரு பக்கச் சடையை முன்னால் போட்டுக்கொண்டு நிற்கிறாள். "கல்யாணத்துல இருந்து நாந்தான் பின்னுவேன்" என்றார். "கடைக்குப் போற அவசரத்துல ஏனோதானோன்னு பின்னுவேன். திட்டுவா. ஒரு அம்மா இருந்தாங்க, அவங்க பின்னுனா ஒருநாள் பூராம் நிக்கும்னுவா. நான் அவ ஊருல யாரோன்னு நெனச்சேன்."

நான் கிளம்பும்போது அவர் வாசல் வரை வரவில்லை. ஆனால் உள்ளேயிருந்து அவர் குரல் கேட்டது. "ஜெனி, அந்த லெட்டருக்கு எப்பப் பதில் போடணும்னு சொன்ன?"

இதை மலரில் எழுதலாமா என்று இரண்டு நாள் கழித்துப் போனில் கேட்டேன். "எழுதுங்க. அவகிட்டப் படிச்ச பிள்ளைக நெறைய இருக்கு. ஆளுக்கொண்ணு நெனச்சுக்கிட்டுத் திரிய வேணாம்" என்றார். மறுபடி 'எழுதுங்க' ஆகிவிட்டது. மன்னித்துவிட்டாரா, தள்ளி வைத்துவிட்டாரா என்று எனக்குத் தெரியவில்லை. கேட்கவும் துணிவில்லை. அந்தக் கவலை எனக்கு உரியதுதான், இருக்கட்டும்.

இரண்டு துண்டுகளும் என் பீரோவில்தான் இருந்தன. என்னுடையது எது, ஸ்டெல்லாவுடையது எது என்று இத்தனை வருடத்தில் ஒருநாளும் குழம்பியதில்லை. என் துண்டில் ஒரு மூலையில் நூல் பிரிந்திருக்கும். ஒரு பருத்தித் துண்டு ஓர் எலும்பைக் காப்பாற்றியிருக்குமா? காப்பாற்றியிருக்காது என்றுதான் நான் படித்த படிப்பு சொல்கிறது. படிப்பு சொன்னது எனக்கு ஒருநாளும் போதவில்லை.

அவள் துண்டை ஜெனியிடம் கொண்டுபோய்க் கொடுத்தேன். விரித்துப் பார்த்துவிட்டு, "எனக்கு எதுக்கு அத்தை? நான் அம்மா உயரம். எனக்கெல்லாம் எட்டும்" என்றாள். உயரமானவர்களுக்குத்தான் அது வேண்டும் என்றேன். வாங்கிக்கொண்டாள். மடிப்புக்குள் ஒரு காகிதம் எழுதி வைத்திருந்தேன்: போகிற இடத்தில் திருவிழாவுக்குக் கூப்பிட்டால் போ. கோயில் வாசலில் மூன்று முறை இடமும் வலமும் ஆட்டுவார்கள். சாய்வது போல இருக்கும், சாயாது. நீ மட்டும் நின்றுவிடாதே, எல்லோரோடும் சேர்ந்து அசை. உன் அம்மாவிடம் சொல்லச் சொன்னார்கள்.

நூல் பிரிந்த துண்டு என்னிடம் இருக்கிறது. அதன்மேல் அவள் தன் துண்டை வைத்த பிறகு அரை மணி நேரம் என் தோளுக்கும் எட்டிய அந்தக் கனமும் இருக்கிறது. ஸ்டெல்லாவிடமிருந்து நான் வைத்துக்கொண்டவை இவை.